மிட்செல் நிலப்படம்: பெட்டிக்கு அடியில் மறைந்த மிசிசிப்பி

கூகுள் மேப்பில் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தைத் திறந்து வடக்கு எல்லையைப் பாருங்கள். மேற்கிலிருந்து 49ஆம் அட்சரேகையை ஒட்டி நேராக வரும் கோடு, லேக் ஆஃப் தி உட்ஸ் என்ற ஏரிக்குள் நுழைந்ததும் திடீரென்று வடக்கே ஏறும். குடுமி முடிந்ததுபோல ஒரு துண்டு நிலம் மேலே நிற்கும். அதன் பெயர் நார்த்வெஸ்ட் ஆங்கிள். அமெரிக்க மண்தான், ஆனால் சாலை வழியாகப் போக வேண்டுமானால் கனடாவின் மனிடோபாவுக்குள் நுழைந்துதான் போகவேண்டும். இந்தக் குடுமிக்குக் காரணம் 1755 பிப்ரவரியில் லண்டனில் வெளியான ஒரு நிலப்படம்.

வரைந்தவர் ஜான் மிட்செல். தொழிலால் மருத்துவர், ஆர்வத்தால் தாவரவியலாளர். வர்ஜீனியாவில் பிறந்து 1746இல் லண்டனுக்குக் குடிபெயர்ந்தவர். ஒஹாயோ பள்ளத்தாக்கில் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டை கட்டிக்கொண்டிருந்த காலம் அது. குடியேற்றங்களைக் கவனித்த வணிக வாரியத்தின் தலைவர் ஹாலிஃபாக்ஸ் பிரபு, ஆளுநர்கள் அனுப்பிய படங்களையும் அறிக்கைகளையும் மிட்செலுக்குத் திறந்துவிட்டார். தாமஸ் கிச்சின் செப்புத் தகட்டில் செதுக்கினார். வரிசைக்கு நான்காக இரண்டு வரிசை, மொத்தம் 8 தாள்கள். சேர்த்து ஒட்டினால் உயரம் ஏறக்குறைய 136 செ.மீ., அகலம் 195 செ.மீ.; அளவுத்திட்டம் சுமார் 1:20,00,000.

இதை நடுநிலையான படமென்று எண்ணிப் பார்த்தால் பாதி விஷயம் தவறிவிடும். வர்ஜீனியா, கரோலினா, ஜார்ஜியாவின் வண்ணப்பட்டைகள் மிசிசிப்பியையும் தாண்டி மேற்கே ஓடுகின்றன. இராக்குவா என்ற பூர்வகுடி மக்கள் வென்றதாகச் சொல்லப்பட்ட நிலமெல்லாம் பிரிட்டனுக்குச் சேர்ந்ததாகக் காட்டப்படுகிறது. 1713ஆம் ஆண்டு உட்ரெக்ட் ஒப்பந்தம் அம்மக்களைப் பிரிட்டிஷ் ஆட்சிக்கு உட்பட்டவர்களாகக் குறித்ததே அந்த வாதத்தின் அடிப்படை. பிரான்சுக்கு எதிராகத் தீட்டிய வாதப்பத்திரம் இது. படத்தின் மேல் சிறு எழுத்தில் நிறைந்திருக்கும் குறிப்புகளைப் படித்தால் இது விளங்கும்.

27 ஆண்டுகள் கழித்து அதே படம் வேறொரு மேசைக்கு வந்தது. அமெரிக்க விடுதலைப் போரை முடிக்க 1782இல் பாரிசில் நடந்த பேச்சில் பிரிட்டன் சார்பில் ரிச்சர்ட் ஓஸ்வால்டும், அமெரிக்கா சார்பில் பிராங்க்ளின், ஜே, ஆடம்ஸ் ஆகியோரும் மிட்செல் படத்தை விரித்து எல்லை பேசினார்கள். பூர்வகுடி மக்களில் ஒருவர்கூட அந்த மேசையில் இல்லை. நவம்பர் 30 அன்று முதற்கட்ட உடன்பாடும், 1783 செப்டம்பர் 3 அன்று இறுதி ஒப்பந்தமும் கையெழுத்தாயின. எல்லையை வாக்கியங்களாக எழுதினார்களே தவிர, கோடு போட்ட படம் எதையும் ஒப்பந்தத்தோடு இணைக்கவில்லை. பின்னால் வந்த சண்டைகளுக்கு இதுவே வேர் என்பேன். படத்தின் பிழை வாக்கியத்துக்குள் போய்விட்டது. சரிபார்க்கப் படம் இல்லை.

‘லேக் ஆஃப் தி உட்ஸ் ஏரியின் வடமேற்குக் கோடி முனையிலிருந்து நேர் மேற்காக மிசிசிப்பி ஆறு வரை’ என்பது ஒப்பந்தத்தின் பொருள். அப்படி ஒரு கோடு போடவே முடியாது. ஆறு தொடங்கும் இட்டாஸ்கா ஏரி 47° 14′ அருகே இருக்கிறது; அந்த முனையோ 49° 23′. ஏறக்குறைய 240 கி.மீ. தெற்கே தோன்றும் ஆற்றை மேற்கே எவ்வளவு தூரம் போனாலும் தொட முடியுமா? மிட்செல் படத்தின் இடது மேல் மூலையில் ஹட்சன் விரிகுடாவுக்கென ஒரு தனிப்பெட்டி உண்டு. மிசிசிப்பி அந்தப் பெட்டிக்கு அடியில் போய் மறைகிறது. ஆற்றின் தலை இன்னும் அறியப்படவில்லை, 50ஆம் பாகை அருகே இருக்கலாம் என்று மிட்செலே நேர்மையாக எழுதிவைத்திருக்கிறார். அந்த ‘இருக்கலாம்’ ஒப்பந்தத்தில் உறுதியாகிவிட்டது.

இரு நாடுகளும் 1794இல் செய்த ஜே ஒப்பந்தத்திலேயே இந்தச் சந்தேகம் எழுத்தில் வந்துவிட்டது. 1818இல் தீர்வு கண்டார்கள்: முனையிலிருந்து நேர் தெற்கே 49° வரை இறங்கி, பிறகு மேற்கே போவது. ஆனால் முனை எது? மிட்செல் ஏரியை முட்டை வடிவில் வரைந்திருந்தார். உண்மை ஏரியோ ஆயிரக்கணக்கான தீவுகளும் குடாக்களும் கொண்டது. 1825இல் யோஹான் டியார்க்ஸ் என்ற வானியலாளர் எளிய வழி கண்டார். வடகிழக்கு–தென்மேற்காகச் சாய்ந்த ஒரு கோட்டை வடமேற்கிலிருந்து ஏரியை நோக்கி நகர்த்துங்கள்; முதலில் எந்தத் தண்ணீரைத் தொடுகிறதோ அதுவே முனை. அப்படித்தான் ஆங்கிள் குடாவின் கடைக்கோடி தேர்வாகி, குடுமி நிலைத்தது.

சுப்பீரியர் ஏரியில் ‘ஐல் ஃபெலிப்போ’ என்ற தீவுக்கு வடக்காக எல்லை போகவேண்டும் என்றும் ஒப்பந்தம் சொல்கிறது. அப்படி ஒரு தீவே கிடையாது.

வடகிழக்கே மெய்ன் பகுதியில்தான் நிலைமை முற்றியது. செயின்ட் லாரன்சில் விழும் ஆறுகளையும் அட்லாண்டிக்கில் விழும் ஆறுகளையும் பிரிப்பதாக, எல்லைக்கு ஒப்பந்தம் குறித்த ‘மேட்டுநிலம்’ எது என்பது கேள்வி. பிரிட்டன் தெற்கே மார்ஸ் ஹில்லைக் காட்டியது, அமெரிக்கா வடக்கே செயின்ட் லாரன்சுக்கு அருகில் காட்டியது. 1831இல் நெதர்லாந்து மன்னர் சொன்ன சமரசத்தை அமெரிக்க செனட் ஏற்கவில்லை. இந்த வழக்கில் ஒவ்வொரு தரப்பின் கையிலும் எதிரிக்குச் சாதகமான படம் இருந்தது. அமெரிக்க வரலாற்றாசிரியர் ஜாரெட் ஸ்பார்க்ஸ் பாரிஸ் ஆவணக்காப்பகத்தில் கண்ட சிவப்புக்கோட்டுப் படம் பிரிட்டனுக்குச் சாதகம். அமெரிக்க வெளியுறவுச் செயலர் வெப்ஸ்டர் அதன்படி கோடிட்ட நகலை மெய்ன் பிரதிநிதிகளுக்குக் காட்டி இணங்க வைத்தார். லண்டனிலோ மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் மிட்செல் படத்தில் ‘திரு. ஓஸ்வால்ட் விவரித்த எல்லை’ என்று எழுதிய சிவப்புக்கோடு அமெரிக்காவுக்குச் சாதகமாக ஓடியது. அதை வெளியே விடவில்லை. 1842 ஒப்பந்தத்தில் சுமார் 12,000 சதுர மைலில் 7,015 அமெரிக்காவுக்கும் 5,012 பிரிட்டனுக்கும் போயின.

மன்னரின் பிரதி இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. கோடில்லாத அச்சுப் பிரதியை அமெரிக்க காங்கிரஸ் நூலகத் தளத்தில் பெரிதாக்கிப் பார்க்கலாம். முதலில் தலைப்பைப் படியுங்கள்: ‘பிரிட்டிஷ், பிரெஞ்சு ஆட்சிப்பகுதிகள்’ என்றிருந்தால் முந்தைய பதிப்பு, ‘பிரிட்டிஷ் குடியேற்றங்கள்’ என்றிருந்தால் நான்காம் பதிப்பு. பிறகு மிசிசிப்பியை விரலால் தெற்கிலிருந்து வடக்கே தொடர்ந்து போய், பெட்டியின் கீழ்விளிம்பில் நிறுத்துங்கள்.