ஐஸ் பை வைத்த இருபது நிமிடம்

"அக்கா, வெளிநாட்டுல பிராக்டிஸ் பண்ணிக்கிட்டே எப்படிப் படிச்சீங்க?" எங்கள் ஜிம்னாஸ்டிக்ஸ் ஜிம்மில் சின்னப் பிள்ளைகளைவிட அவர்களுடைய அம்மாக்கள்தான் இதை அதிகம் கேட்கிறார்கள். ஆளுக்கு ஆள் சொல்லி வாய் வலிக்கிறது, எழுதியே வைத்துவிடுகிறேன்.

நான் பிளஸ் டூவைப் பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை. என்.ஐ.ஓ.எஸ். திறந்தநிலைப் பள்ளியில் பதிவு செய்தேன். அங்கே ஏப்ரல்–மே, அக்டோபர்–நவம்பர் என்று ஆண்டுக்கு இரண்டு பொதுத்தேர்வு. ஐந்து பாடத்தையும் ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை. பாஸான பாடம் அப்படியே கணக்கில் நிற்கும், பதிவு ஐந்து ஆண்டு செல்லும். ஏப்ரலில் ஆங்கிலத்தையும் மனையியலையும் முடித்துவிட்டேன். அக்கவுண்ட்ஸ், வணிகவியல், பொருளியல் மூன்றும் அக்டோபருக்கு. நடுவில் ஜூலை தொடங்கி 85 நாள் ஜப்பானில், ஒசாகா பக்கத்தில் ஒரு பல்கலைக்கழக ஜிம்மில் பயிற்சி. ஊர் திரும்பியதும் ஆசியப் போட்டிக்கு அணி எடுக்கும் டிரையல்ஸ். அது முடிந்த கையோடு பரீட்சை.

ஜப்பான் என்றால் குளிர் என்று அம்மா இரண்டு ஸ்வெட்டர் வைத்து அனுப்பினார். ஜூலை மாத ஒசாகா நம் சென்னை மே மாதத்துக்குக் கொஞ்சமும் இளைத்ததில்லை. வேர்வையில் பார்ஸை, அதாவது தொங்கிச் சுழலும் கம்பிகளை, பிடிக்கவே முடியவில்லை. கை வழுக்காமலிருக்கப் பூசும் சாக் பொடியை, அதன் நீளமான ஜப்பானியப் பெயரைச் சுருக்கி, அங்கே 'தன்மா' என்பார்கள். நான் முதலில் கற்றுக்கொண்ட ஜப்பானியச் சொல் அதுதான்.

முதல் வாரம் முழுக்க விழுந்தேன். பயமெல்லாம் இல்லை, ஃப்ளோர்தான் காரணம், அதாவது கரணம் அடிக்கும் ஸ்பிரிங் தளம். ஊரில் நான் பழகியது ஸ்பிரிங் செத்துப்போன ஃப்ளோர், முழு பலத்தோடு உதைத்தால்தான் மேலே தூக்கும். அங்கே அதே உதை உதைத்ததும் தேவைக்கு மேல் சுற்றி, பின்னால் போய் உட்கார்ந்தேன். ஒவ்வொரு கம்பெனி கருவிக்கும் ஒரு குணம் உண்டு. வெளியே போகிறவர்கள் கிளம்பும் முன்பே அங்கே என்ன கருவி, போட்டியில் என்ன கருவி என்று கேட்டு வையுங்கள். முதல் வாரத்தில் புது வித்தை எதையும் தொடாதீர்கள்.

இனி படிப்பு. தினம் மூன்று மணி நேரம் என்று நாலு கலர் பேனாவில் டைம்டேபிள் போட்டுக்கொண்டு போயிருந்தேன். நாலே நாளில் குப்பைக்குப் போனது. காலை ஏழிலிருந்து ஒன்பதரை, பிற்பகல் மூன்றிலிருந்து ஏழரை பயிற்சி. குளித்துச் சாப்பிட்டுப் புத்தகத்தைத் திறந்தால் கண் சொருகிவிடும். ஊர் டியூஷனை ஆன்லைனில் பார்க்கலாம் என்றால் இங்கே மாலை ஏழு, அங்கே இரவு பத்தரை. தூக்கத்தை விற்றுப் படித்தால் மறுநாள் பீமில், அதாவது ஒற்றைக் கட்டை மேல், அதற்கு வட்டி கட்ட வேண்டும். டியூஷன் சாரிடம் சொல்லி ரெக்கார்டிங் வாங்கிக்கொண்டேன்.

பிறகு எனக்குக் கிடைத்த நேரம் கணுக்காலுக்கு ஐஸ் வைக்கும் நேரம். காலைப் பயிற்சி முடிந்து இருபது நிமிடம், மாலை முடிந்து இருபது நிமிடம். காலை நீட்டிச் சுவரில் சாய்ந்து உட்கார வேண்டியதுதான், எங்கும் நகர முடியாது. போனும் லாக்கரில். ஓர் ஐஸ் பைக்கு ஒரு அக்கவுண்ட்ஸ் கணக்கு என்று வைத்துக்கொண்டேன். நாளுக்கு நாற்பது நிமிடம், வாரத்துக்கு ஆறு நாள், பன்னிரண்டு வாரம். கூட்டிப் பார்த்தால் 48 மணி நேரம். ஊரில் இருந்திருந்தாலும் அந்தப் பாடத்துக்கு அவ்வளவு உட்கார்ந்திருப்பேனா, சந்தேகம்தான். பொருளியலை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகும், அசைன்மென்ட்டுகளை விடுமுறை நாளான ஞாயிறிலும் முடித்தேன். அசைன்மென்ட்டுக்கே 20 சதவீதம் மதிப்பெண், அசட்டையாக விடாதீர்கள்.

எப்படிப் படிப்பது என்பதைக் கற்றுக்கொடுத்தது சென்செயின், அதாவது அங்கிருந்த கோச்சின், பீம் பயிற்சி. அகலம் 10 சென்டிமீட்டர், நீளம் 5 மீட்டர், தரையிலிருந்து உயரம் 125 சென்டிமீட்டர். அதன்மேல் முழு ரொட்டீனையும் 90 விநாடிக்குள் விழாமல் மூன்று முறை தொடர்ந்து செய்ய வேண்டும். மூன்றாவதில் விழுந்தால் மறுபடி ஒன்றிலிருந்து. பாதி பாதியாகச் செய்ததெல்லாம் அவர் கணக்கில் பூஜ்யம். நான் அதுவரை அக்கவுண்ட்ஸைப் பாதி பாதியாகத்தான் போட்டிருந்தேன். பேலன்ஸ் ஷீட் வரும்போது விடையை எட்டிப் பார்ப்பேன், 'ஓ, தெரியுமே' என்று மூடிவிடுவேன். அன்றிலிருந்து புத்தகம் மூடி, முழுக் கணக்கு, ஒரே மாதிரியில் மூன்று. எங்கள் நடுவர்கள் தவறுக்கு 0.1, 0.3, 0.5, விழுந்தால் 1.0 என்று குறைப்பார்கள். நானும் கூட்டல் பிழைக்கு 0.1, பற்று-வரவில் தவறான பக்கத்தில் எழுதினால் 0.5 என்று சிவப்பு மையில் எனக்கே வெட்டிக்கொண்டேன். விளையாட்டாகத் தொடங்கியதுதான், ஆனால் நான் எங்கே திரும்பத் திரும்பச் சறுக்குகிறேன் என்பது இரண்டே வாரத்தில் தெரிந்துவிட்டது. எல்லாம் தேய்மானத்தில்!

சாப்பாட்டைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். அவர்கள் அரிசி ஒட்டும் அரிசி, தயிர் சாதத்துக்கென்றே விளைந்தது போல இருக்கும். கடைத் தயிர் புளிக்காது, அதனால் தொட்டுக்கொள்ள உமெபோஷி, அதாவது அவர்களுடைய உப்பும் புளிப்புமான ஊறுகாய்ப் பழம். ஒரு வாய் வைத்ததும் பாட்டியின் நாரத்தங்காய் ஞாபகம் வந்தது.

மருந்து விஷயத்தில் மட்டும் உஷார். சளி பிடித்தபோது அறைத் தோழி அன்பாகக் 'கக்கொன்தோ' என்ற மூலிகைப் பொடியை நீட்டினாள். மூலிகைதானே என்று குடிக்கப் போனேன், சென்செய் தடுத்தார். அதில் எஃபெட்ரின் உள்ள செடி சேர்கிறது. எஃபெட்ரின் போட்டிக்காலத்தில் ஊக்கமருந்துத் தடைப் பட்டியலில் இருப்பது. ஊரிலிருந்து கொண்டுபோகும் சளி மாத்திரையிலும் சூடோஎஃபெட்ரின் இருக்கிறதா என்று அட்டையைப் படியுங்கள். அந்த மருந்துக்கு ஜப்பானிய சுங்கத்திலும் கட்டுப்பாடு உண்டு.

டிரையல்ஸில் பீமிலிருந்து ஒரு முறை விழுந்தேன். பத்து விநாடிக்குள் ஏறி முடித்தும் அணியில் இடம் கிடைக்கவில்லை, ரிசர்வ்தான். அக்கவுண்ட்ஸில் 81. தேய்மானக் கணக்கு முழுசாக வந்தது.

இன்னொன்று, பார்ஸுக்காகக் கையில் கட்டும் தோல் கிரிப்பைச் செக்-இன் பெட்டியில் போடாதீர்கள். கைக்குப் பழகிய கிரிப் தொலைந்தால் புதிதைப் பழக்க வாரக்கணக்காகும். நான் கிரிப்பையும் அக்கவுண்ட்ஸ் நோட்டையும் கைப்பையில் வைத்திருந்தேன். பெட்டி மறுநாள் மாலைதான் வந்து சேர்ந்தது. உள்ளே பாட்டிக்கு வாங்கிய உமெபோஷி ஜாடி உடைந்து, அம்மாவின் ஸ்வெட்டர் இரண்டும் ஊறிக் கிடந்தன.