போல்ட் செருகிய பியானோ

அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜின் பியானோ படைப்பான ‘சொனாட்டாக்களும் இன்டர்லூட்களும்’ (1946–48) மேடையேற வேண்டுமானால், கச்சேரிக்கு முன் பியானோவுக்குள் இரண்டு மூன்று மணி நேர வேலை இருக்கிறது. 45 சுரங்களின் தந்திகளுக்கு இடையே போல்ட், ஸ்குரூ, நட், ரப்பர், பிளாஸ்டிக், கூடவே ஓர் அழிரப்பர். எந்தச் சுரத்தில் எந்தப் பொருள், எந்த இரு தந்திகளுக்கு நடுவே, தந்தியின் அதிர்வை அடக்கும் டேம்பரிலிருந்து எத்தனை அங்குலம் என்று கேஜ் அட்டவணையே போட்டிருக்கிறார். அதை மட்டும் நம்பி ஸ்கேலோடு இறங்கினால் வேலை கெடும். தந்தியின் நீளம் பியானோவுக்குப் பியானோ மாறும். ஒன்றில் தந்தியின் ஐந்தில் ஒரு பங்கில் விழும் அளவு, இன்னொன்றில் வேறெங்கோ விழும், சுரத்தோடு சேர்ந்து மெல்ல ஒலிக்கும் மேல்சுரங்களும் மாறிவிடும். அங்குலக் கணக்கில் தொடங்கி, போல்ட்டை இம்மியளவு நகர்த்தி நகர்த்திக் காதால்தான் முடிக்க வேண்டும்.

சுருதியை முதலிலேயே கூட்டிவிடுங்கள். பொருள் ஏறிய பிறகு எதையும் சரிபார்க்க முடியாது. வலது பெடலை மிதித்து டேம்பரைத் தூக்கி, மர ஆப்பால் தந்திகளை மெல்ல விலக்கி, போல்ட்டை இறக்கி, ஆப்பை எடுக்க வேண்டும். ஸ்குரூவைத் திருகி நுழைத்தால் மரை தந்தியை அராவும். போல்ட் மெலிந்திருந்தால் வாசிக்கும்போதே நழுவும். தடித்திருந்தால் தந்தி விலகிப் பக்கத்துச் சுரத்தில் இடிக்கும். கேட்கக் கூடாத இரைச்சல் வந்தால், போல்ட்டின் நுனி தந்திகளுக்கு அடியிலுள்ள ஒலிப்பலகையை, அதாவது சவுண்ட்போர்டைத் தொடுகிறதா என்று முதலில் பாருங்கள். செம்புக் கம்பி சுற்றிய கீழ்த்தந்திகளில் கூடுதல் கவனம் வேண்டும். செம்பு சீக்கிரம் கீறும்.

இடது பெடலின் வேலை இதில் அழகானது. கிராண்ட் பியானோவில் அதை மிதித்தால் சுத்தியல் வலப்பக்கம் நகர்ந்து ஒரு சுரத்துக்கான மூன்று தந்திகளில் முதலாவதைத் தவறவிடும். போல்ட் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே இருந்தால், பெடல் இல்லாதபோது முதல் தந்தியின் இயல்பான சுரமும் சேர்ந்து ஒலிக்கும். மிதித்தால் அது மறைந்து உலோக ஒலி மட்டும் நிற்கும். நிமிர்ந்த பியானோவில் சுத்தியல் பக்கவாட்டில் நகராது, செருகியது எளிதில் நழுவிக் கீழே விழலாம். அதில் முயல்வதே வீண்.

இந்த முறை இடநெருக்கடியில் பிறந்தது. 1940இல் சியாட்டிலின் கார்னிஷ் பள்ளியில் சிவில்லா ஃபோர்ட்டின் நடனத்துக்கு இசை வேண்டியிருந்தது. தாளவாத்தியக் குழுவுக்கு மேடையில் இடமில்லை. பியானோவையே தாளவாத்தியமாக்க, கேஜ் தந்திகள் மேல் தட்டு வைத்துப் பார்த்தார், துள்ளியது. ஆணி நழுவியது. மரையுள்ள ஸ்குரூதான் நின்றது. ‘சொனாட்டாக்க’ளின் பின்னணியில் நவரசம் இருக்கிறது, கொழும்பில் பிறந்த கலை அறிஞர் ஆனந்த குமாரசுவாமியின் எழுத்துகள் வழியே கேஜ் அதை அறிந்தார். எந்தத் துண்டு எந்த ரசம் என்று மட்டும் அவர் சொல்லவில்லை.

தான் கேட்ட அதே ஒலி வேறு பியானோவில் வராது என்று கண்டபோது கேஜ் அட்டவணையை இன்னும் இறுக்கியிருக்கலாம். அவர் எதிர்த்திசையில் போனார்: 1951இல் ‘மியூசிக் ஆஃப் சேஞ்சஸ்’ படைப்புக்கு நாணயம் சுண்டி, சீனத்துக் குறிநூலான ‘ஈ சிங்’கைக் கேட்டே சுரங்களைத் தீர்மானித்தார்.

கச்சேரி முடிந்து கழற்றும்போதும் டேம்பர் தூக்கியே இருக்க வேண்டும். எண்ணி வைத்து எண்ணி எடுங்கள். ஒரு நட் குறைந்தால் அது சவுண்ட்போர்டில் கிடக்கிறது. மறுநாள் வாசிப்பவருக்கு அது அதிரும்.