ஆறாம் வகுப்புக்கு சார்ட்டர் பள்ளி தேடியபோது

என் மகனுக்குப் பேச்சு திக்கும். பெயரைக் கேட்டால் முதல் எழுத்திலேயே நின்றுவிடுவான். மூன்றாம் வகுப்பிலிருந்து வாரம் இரண்டு நாள் பள்ளியிலேயே அவனுக்குப் பேச்சுப் பயிற்சி. ஐ.இ.பி. என்ற தனிநபர் கல்வித் திட்டமாக அதை எழுதி, பள்ளியும் நாங்களும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். ஐந்தாம் வகுப்பு முடியப்போகிறது, அடுத்த பள்ளி தேட வேண்டும் என்று வந்தபோது எனக்கும் கணவருக்கும் இருந்த கவலையெல்லாம் அந்த இரண்டு நாளைப் பற்றித்தான்.

நாங்கள் இருப்பது லாஸ் ஏஞ்சல்ஸில், சான் பெர்னாண்டோ பள்ளத்தாக்குப் பக்கம். லாஸ் ஏஞ்சல்ஸ் யூனிஃபைட் பள்ளி மாவட்டத்தில் (இந்தப் பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) இருக்கும் அளவுக்கு சார்ட்டர் பள்ளிகள் அமெரிக்காவில் வேறெந்த மாவட்டத்திலும் இல்லை. எல்லாம் அரசுப் பணத்தில் நடப்பவை. கட்டணம் கிடையாது, நுழைவுத் தேர்வும் கிடையாது. பாடம், பள்ளி நேரம் போன்றவற்றைத் தாங்களே முடிவு செய்துகொள்ளும் உரிமை அவற்றுக்கு உண்டு. மினசோட்டாவுக்கு அடுத்து, 1992இல் இதற்குச் சட்டம் கொண்டுவந்தது கலிஃபோர்னியாதான்.

வீட்டுக்குப் பக்கத்தில் ஐந்து பள்ளிகளை எழுதி வைத்துக்கொண்டு, இரண்டு பிள்ளைகளை இங்கே படிக்க வைத்த அக்கா ஒருவரிடம் காட்டினேன். "இதுல எது அஃபிலியேட்டட், எது இண்டிபெண்டென்ட்னு பிரிச்சியா?" என்று கேட்டார். எனக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. பலகையில் இரண்டிலும் சார்ட்டர் என்றுதான் எழுதியிருக்கும். முதல் வகையில் ஆசிரியர்கள் மாவட்டத்தின் ஊழியர்கள். மேலே இருப்பது மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த 7 பேர் கொண்ட மாவட்டக் கல்வி வாரியம். அந்தப் பள்ளிக்கென்று வகுத்த எல்லைக்குள் குடியிருப்பவர்களுக்கு முதலில் இடம், மிச்சம் இருந்தால்தான் வெளியாட்களுக்குக் குலுக்கல். இரண்டாவது வகைக்குத் தனி நிர்வாகக் குழு. பொதுவாக 5 ஆண்டுக்கு ஒருமுறை அனுமதியைப் புதுப்பிக்க வேண்டும். விண்ணப்பம் அதிகமானால் எல்லோருக்கும் குலுக்கல்தான். ஏற்கெனவே அங்கே படிக்கும் பிள்ளையின் தம்பி தங்கைக்கு முன்னுரிமை இருக்கும்.

அப்புறம் பள்ளிகளின் மதிப்பெண் பார்க்க உட்கார்ந்தோம். பத்துக்கு இத்தனை என்று போடும் தளங்களை விட்டுவிட்டு, பள்ளிகளின் நிலையைக் காட்ட மாநிலம் 2017இல் கொண்டுவந்த டாஷ்போர்டு என்ற இணையதளத்தைத் திறந்தோம். சிவப்பிலிருந்து நீலம் வரை ஐந்து நிறம். சிவப்பு மோசம், நீலம் மிக நன்று. மொத்தப் பள்ளியின் நிறத்தைப் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். கீழே மாற்றுத்திறன் மாணவர்களுக்கென்று தனி வரிசை இருக்கிறது. எங்களுக்கு வேண்டியது அதுதான். ஒரு பிரிவில் 30 பேருக்குக் குறைந்தால் நிறம் வராது, 11 பேருக்குக் குறைந்தால் எண்ணும் வராது. மேலே நீலமாகப் பளபளத்த ஒரு பள்ளியில் அந்த வரிசை காலியாகவே இருந்தது. நானூறு பிள்ளைகள் படிக்கும் இடத்தில் ஏன் பதினொரு பேர்கூட இல்லை? அதற்கான பதில் எனக்கு அந்தப் பள்ளியின் அலுவலகத்திலேயே கிடைத்தது.

தொலைபேசியில் விவரம் கேட்டேன். மரியாதையாகத்தான் பேசினார்கள். "விண்ணப்பத்தோடு ஐ.இ.பி. நகலையும் அனுப்புங்கள், எங்களால் முடியுமா என்று பார்த்துச் சொல்கிறோம்" என்றார்கள். வைத்துவிட்டு வெகு நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். சேர்க்கைக்கு முன்னால் பிள்ளையின் பதிவேடு எதையும் சார்ட்டர் பள்ளி கேட்கக் கூடாது, சேர வேண்டாம் என்று மனம் மாற்றவும் கூடாது என்று 2019இலேயே சட்டம் வந்துவிட்டது. அந்த அறிவிப்பைப் பள்ளி தன் இணையதளத்தில் போட்டிருக்கவும் வேண்டும். இது எனக்கு அன்றைக்குத் தெரியாது, தெரிந்திருந்தால் அப்போதே கேட்டிருப்பேன். இதைப் படிக்கும் யாருக்காவது அப்படி ஒரு பதில் வந்தால், தயவுசெய்து தேதியோடு எழுதி வையுங்கள், அந்தப் பள்ளிக்கு அனுமதி கொடுத்த அமைப்பிடம் புகார் கொடுங்கள்.

இன்னொன்றையும் ஒப்பிட்டோம். எந்த வகுப்பில் எத்தனை பிள்ளைகள் என்ற கணக்கு டேட்டாக்வெஸ்ட் என்ற அரசுத் தளத்தில் வருடவாரியாகக் கிடைக்கும். ஒரு வருடத்து ஆறாம் வகுப்பை எடுத்து, இரண்டு வருடம் கழித்து அதே பிள்ளைகள் எட்டாம் வகுப்பில் எத்தனை பேர் என்று பார்த்தோம். ஒரு பள்ளியில் கிட்டத்தட்ட ஒரு செக்‌ஷனே காணாமல் போயிருந்தது. வீடு மாறியிருக்கலாம், வேறு காரணமும் இருக்கலாம். நேரில் போனபோது கேட்டோம். சரியான பதில் வரவில்லை.

மூன்று பள்ளிகளுக்கு நேரில் போனோம். ஒன்றில் அருமையான ஆய்வுக்கூடம். பேச்சுப் பயிற்சியாளர் யார் என்று கேட்டால், கணினித் திரையில் வருவார் என்றார்கள். சில பிள்ளைகளுக்கு அது ஒத்துவரும், இவனுக்கு வராது.

கடைசியாகப் போனது ஓர் அஃபிலியேட்டட் பள்ளி. கட்டடம் பழசு, சுவரில் சாயம் உரிந்திருந்தது. நூலகத்தை ஒட்டி ஒரு சின்ன அறை. கதவில் செவ்வாய், வியாழன் என்று நேர அட்டவணை, உள்ளே மேசை மேல் ஒரு கண்ணாடி. பயிற்சியாளர் அம்மா அவன் உயரத்துக்குக் குனிந்து பெயரைக் கேட்டார். அவன் முதல் எழுத்தில் நின்றான். எங்கே போனாலும் அந்த இடத்தில் யாராவது பெயரை முடித்துக் கொடுத்துவிடுவார்கள், நான் உட்பட. அவர் கொடுக்கவில்லை. அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு, அவசரமே இல்லாமல் காத்திருந்தார். அவன் முழுதாகச் சொல்லி முடித்த பிறகுதான் தன் பெயரைச் சொன்னார். காரில் ஏறியதும், "அம்மா, இதுதான்" என்றான்.

அந்தப் பள்ளியின் எல்லைக்குள் எங்கள் வீடு இல்லை. குலுக்கலில் காத்திருப்போர் பட்டியலில் 17ஆம் இடம் வந்தது. இன்னொரு பள்ளியில் கிடைத்த இடத்துக்குச் சம்மதம் சொல்லிவிட்டோம், ஆனால் பட்டியலிலிருந்து பெயரை எடுக்கவில்லை. மாதம் ஒருமுறை அலுவலகத்துக்குப் போன் செய்து எங்கே இருக்கிறோம் என்று கேட்டுக்கொள்வேன். 17, 11, 6. ஆகஸ்ட் தொடக்கத்தில், பள்ளி திறக்கச் சில நாளே இருக்கும்போது, அவர்களே கூப்பிட்டார்கள். மின்கட்டண ரசீதையும் தடுப்பூசி அட்டையையும் எடுத்துக்கொண்டு மறுநாள் காலை போய் நின்றோம்.

கவுண்டரில் இருந்த பெண் பிள்ளையின் பெயரைக் கேட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. அவன்தான் சொன்னான்.