தாழ்ப்பாளா, பூட்டா?

சப்டைட்டில் எழுதும் வேலைக்குச் சேர்ந்த புதிதில், பயிற்சிக்கென்று எனக்குக் கொடுத்தது துப்பறிவாளர் புவாரோவாக டேவிட் சூஷே நடித்த ‘புவாரோ’ தொடரின் ஒரு பகுதி. அகதா கிறிஸ்டியின் கதை, 1989இல் பிரிட்டனில் ஒளிபரப்பானது. நவம்பர் 5, லண்டன் முழுக்கப் பட்டாசு வெடிக்கும் கய் ஃபாக்ஸ் இரவு. அந்தச் சத்தத்தில் ஒரு துப்பாக்கிச் சத்தம் யாருக்குக் கேட்கும்? ஒரு பெண் தன் அறையில் செத்துக் கிடக்கிறாள். ஜன்னல் சாத்தியிருக்கிறது. கதவு ‘லாக்’ ஆகியிருக்கிறது.

‘கதவு உள்ளே தாழிட்டிருந்தது’ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிட்டேன். மூடிய அறை என்றதும் கை தானாகவே தாழ்ப்பாளுக்குப் போய்விட்டது.

எங்கள் சீனியர் அக்கா படத்தை நிறுத்தினார். “தம்பி, சாவி எங்கே இருக்கு?”

திரும்பப் பார்த்தேன். சாவி அறையில் இல்லை! உள்ளே தாழிட்டிருந்தால் அது தற்கொலை, கதையே அங்கே முடிந்தது. பூட்டியிருந்து சாவியும் காணோம் என்றால் வெளியே யாரோ பூட்டிக்கொண்டு போயிருக்க வேண்டும். தலையின் இடப்பக்கம் குண்டுக் காயம், துப்பாக்கியோ வலது கையில் என்று அவ்வளவு கவனமாகத் தடயம் வைத்திருக்கிறார்கள். என்னுடைய ஒரு சொல் எல்லாவற்றையும் கெடுக்கப் பார்த்தது. ஆங்கிலத்தில் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடும் தாழையும் பூட்டையும் நாம் பிரித்துத்தான் சொல்ல வேண்டும். அது நம் மொழியின் வசதி. துப்பறியும் கதையில் அதுவே பெரிய பொறுப்பு.

அதைவிடச் சிரமம் வினைமுற்று. ‘வந்தான்’ என்றால் ஆண், ‘வந்தாள்’ என்றால் பெண். ‘வந்தார்’ என்று போட்டாலோ கொலைகாரருக்கு மரியாதை கொடுத்தது போல இருக்கிறது. யார் செய்தது என்று புவாரோவுக்கே தெரியாத கட்டத்தில், பார்ப்பவருக்கு நான் எப்படிச் சொல்லிக் கொடுப்பது? பேச்சில் ‘யாரோ வந்திருக்காங்க’ என்று எளிதாகத் தப்பிக்கலாம். எங்களுக்கு எழுத்துத் தமிழ்தான் வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள்.

அன்று மாலை வரைக்கும் அந்த ஒரு காட்சியிலேயே உட்கார்ந்திருந்தேன். ‘பூட்டிவிட்டுப் போனவன்’ என்பதை அடித்துவிட்டு, ‘அறையைப் பூட்டியது யார்? சாவி எங்கே?’ என்று எழுதினேன். அக்கா படித்துவிட்டு, “சரி, அடுத்த ரீலைப் போடு” என்றார்.