எந்த உப்பு? ஒரு பவளத் தொட்டியின் நாட்குறிப்பு

ஜனவரி 5, 2025

பவளத் தொட்டிக்குக் கடல்நீர் கலக்கும் உப்பு வாளி அடியைத் தொட்டுவிட்டது. இந்த மாத நீர் மாற்றங்களுக்குத் தாங்கும், அவ்வளவுதான். அதே உப்பை மறுபடி வாங்கிவிடலாம் என்று பார்த்தால், தொட்டி இப்போது பழைய தொட்டியாக இல்லை. எலும்புக்கூடு கட்டாத காளான் பவளங்களும் ஜோவாந்தஸும் மட்டும் இருந்த காலத்தில் இந்த உப்பு மிகப் பொருத்தமாக இருந்தது. காரத்தன்மை, அதாவது பவளம் எலும்புக்கூடு கட்ட எடுக்கும் பைகார்பனேட்டின் அளவு, தூக்கலான கலவை. கரைத்து அளந்தால் 12 டிகேஎச் (காரத்தன்மையின் அலகு) காட்டும். வாராவாரம் நீர் மாற்றினாலே போதும், வேறு எதையும் ஊற்றாமல் தொட்டி 8-ல் நின்றது. இப்போது மேல்பாறையில் இரண்டு அக்ரோபோராவும் ஒரு மாண்டிபோராவும் குடியேறியிருக்கின்றன. கல்பவளங்கள் வந்தபின் தொட்டியின் பசியே வேறு.

விளக்கையும் ஸ்கிம்மரையும் (கழிவை நுரையாக்கி அகற்றும் கருவி) பற்றி நாள்கணக்கில் யோசிக்கிறவர்கள்கூட உப்பை ஒரே நிமிடத்தில் முடிவு செய்துவிடுகிறார்கள். இதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு. அந்த உயிர்கள் இரவும் பகலும் மூழ்கியிருப்பது நாம் வாளியில் கலக்கும் இந்த நீரில்தானே. அடுத்த வாளியை நிதானமாகத் தேர்ந்தெடுக்கப் போகிறேன்.

பைகார்பனேட்டும் கால்சியமும் சிறிது சிறிதாக ஊற்றும் டோசிங் பம்பை இன்று காலை நிறுத்திவிட்டேன். தொட்டி ஒரு நாளில் எவ்வளவு காரத்தன்மையை உண்கிறது என்பது தெரியாமல் எந்த உப்பையும் எடைபோட முடியாது. காரத்தன்மை, இன்று காலை: 8.4.

ஜனவரி 8

அதே நேரம், அதே விளக்கின் கீழ், அதே சோதனை கிட். குப்பியில் 4 மில்லி தொட்டி நீர், இரண்டு சொட்டு நிறங்காட்டி, நீலப்பச்சை. சிரிஞ்சிலிருந்து ஒவ்வொரு சொட்டாக விட்டுக் குப்பியைச் சுழற்றினேன். முடிவு நெருங்கும்போது, சொட்டு விழுந்த இடத்தில் மட்டும் சிவப்பு ஒரு புகைபோலத் தோன்றிக் கலைந்துவிடும். அங்கே அவசரப்பட்டால் அரை டிகேஎச் பிழை வந்துவிடும். கலைக்கக் கலைக்க நிலைத்து நிற்கும் முதல் இளஞ்சிவப்பில்தான் நிறுத்த வேண்டும். அப்படி நிறுத்தியதில் 6.9.

8.4-லிருந்து 6.9. நாளொன்றுக்கு 0.5. பவளம் தன் எலும்புக்கூட்டைக் கட்டும்போது கால்சியத்தையும் பைகார்பனேட்டையும் ஒரு குறிப்பிட்ட கணக்கில்தான் எடுத்துக்கொள்ளும்: 2.8 டிகேஎச் இறங்கினால் கால்சியம் 20 பிபிஎம் (பிபிஎம் என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) இறங்கும். ஆக என் தொட்டி வாரத்துக்கு 3.5 டிகேஎச்சும் சுமார் 25 பிபிஎம் கால்சியமும் உண்கிறது. கால்சியம் 420-ல் 25 குறைந்தால் பெரிதாகத் தெரியாது. காரத்தன்மை 8-ல் 3.5 குறைந்தால் ஏறக்குறையப் பாதி போய்விடும். உப்பின் பெட்டியில் கொட்டை எழுத்தில் கால்சியம் அச்சிட்டிருந்தாலும் என் கண் முதலில் காரத்தன்மைக்குப் போவது இதனால்தான்.

பம்பை மறுபடி ஓட விட்டேன். மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும்.

ஜனவரி 11

கடல்நீரையே அளவுகோலாக வைத்துக்கொண்டு பெட்டிகளின் எண்களைப் படித்தேன். திறந்த பெருங்கடலில் உப்பின் மொத்த அளவு இடத்துக்கு இடம் கூடும், குறையும். முக்கிய அயனிகளுக்கு இடையிலான விகிதம் மட்டும் ஏறத்தாழ மாறாது. சேலஞ்சர் ஆய்வுக் கப்பல் 1872 முதல் 1876 வரை சுற்றிவந்து சேகரித்த நீரில் 77 மாதிரிகளை வேதியியலாளர் வில்லியம் டிட்மார் பகுத்துப் பார்த்து 1884-ல் வெளியிட்ட முடிவுகள் இதை உறுதிப்படுத்தின. வீட்டில் ஒரு வாளியில் கடலைக் கலக்க முடிவதே இந்த விகிதம் நிலையாக இருப்பதால்தான் என்று நினைக்கும்போது அந்த மனிதரின் பொறுமைக்கு நன்றி சொல்லத் தோன்றுகிறது.

ஆயிரத்தில் 35 பங்கு உப்புள்ள கடல்நீரில் கால்சியம் சுமார் 410 பிபிஎம், மக்னீசியம் சுமார் 1,280, பொட்டாசியம் 400-ஐ ஒட்டி, காரத்தன்மை 7 டிகேஎச்சை ஒட்டி இருக்கும். சந்தையில் இருக்கும் உப்புகள் சோடியத்திலும் குளோரைடிலும் அதிகம் வேறுபடுவதில்லை. பவளம் எடுத்து உண்ணும் பொருள்களில்தான் வேறுபடுகின்றன. ட்ராபிக் மரின் ப்ரோ ரீஃப் காரத்தன்மையில் கடலை ஒட்டியே, 7-க்கு அருகில் நிற்கிறது. ரெட் சீ நிறுவனத்தின் சாதாரண உப்பு 8-ஐ ஒட்டியும், அதே நிறுவனத்தின் கோரல் ப்ரோ 12-ஐ ஒட்டியும் வருகின்றன. ஒரே நிறுவனம் இரண்டு வாளி விற்கிறது என்றால் ஒன்று உயர்ந்தது, மற்றது தாழ்ந்தது என்று பொருளில்லை. இரண்டும் இருவேறு தொட்டிகளுக்கு.

நண்பர் ஒருவர் கேட்டார்: உப்பளத்து உப்பும் கடலிலிருந்து வந்ததுதானே, அதையே கரைத்தால் என்ன? கடல்நீர் வற்றும்போது எல்லாம் ஒன்றாகப் படிவதில்லை. முதலில் கால்சியம் கார்பனேட் படியும், அடுத்து ஜிப்சம், அதற்குப் பிறகே சோடியம் குளோரைடு. மக்னீசியமும் பொட்டாசியமும் கடைசிக் கசப்புநீரில் தங்கிவிடும். அதை வடித்துவிட்டுத்தான் உப்பை வாருகிறார்கள். அப்படி வாரிய உப்பை மறுபடி கரைத்தால் பவளத்துக்கு வேண்டியவை பெரும்பாலும் இல்லாத நீர்தான் கிடைக்கும்.

ஜனவரி 12

உப்பின் அளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரை 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு) தரக் கரைசலால் சரிபார்த்தேன். வெறும் ஆர்ஓ நீரில் பூஜ்யம் வைத்தால் போதும் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். பூஜ்யத்தில் சரியாக இருக்கும் கருவி 35-ல் தவறலாம். சாதாரண உப்புநீருக்கென்று செய்த கருவியில் கடல்நீர் கிட்டத்தட்ட 1.5 அலகு கூடுதலாகவே காட்டும். 33-ல் கலந்த ஓர் உப்பையும் 35-ல் கலந்த இன்னோர் உப்பையும் ஒப்பிடுவது வீண் வேலை: 35-ல் 8 டிகேஎச் தரும் உப்பு 33-ல் 7.5 தான் தரும், கால்சியம் 420 என்பது 396 ஆகிவிடும். உப்பைக் குறை சொல்வதற்குமுன் கருவியைப் பார்க்க வேண்டும்.

ஜனவரி 19

கணக்கு போடும் நாள். தொட்டியில் நீர் மட்டும் 200 லிட்டர். வாரம் 40 லிட்டர் மாற்றுகிறேன், அதாவது 20 சதவீதம்.

8-ல் நிற்கும் தொட்டியில் 12 உள்ள நீரை 40 லிட்டர் ஊற்றினால் 8.8 ஆகிவிடும். அரை மணி நேரத்தில் 0.8 ஏற்றம். காளான் பவளத்துக்கு இது ஒரு பொருட்டே அல்ல. அக்ரோபோராவுக்கு அப்படியில்லை. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் மிகக் குறைவாக உள்ள தொட்டியில் காரத்தன்மை ஏறியிருந்தால் கிளை நுனிகள் வெளுத்துக் கருகுவதைப் பல வளர்ப்பாளர்கள் கண்டிருக்கிறார்கள். எண் 8-ஆ 9-ஆ என்பதைவிட, அது வாராவாரம் துள்ளுகிறதா என்பதுதான் எனக்குக் கவலை.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். நாளுக்கு 0.1 மட்டுமே உண்ணும் மென்பவளத் தொட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். வாரத்தில் 8-லிருந்து 7.3-க்கு இறங்கும். 12 டிகேஎச் உப்பில் 15 சதவீத நீர் மாற்றினால் மறுபடி 8. பம்பும் வேண்டாம், கரைசலும் வேண்டாம். அந்த வீட்டுக்கு காரத்தன்மை தூக்கலான உப்பே சரியான உப்பு. என் தொட்டியே இத்தனை காலம் அதற்குச் சாட்சி. ஆனால் வாரத்துக்கு 3.5 உண்ணும் தொட்டியை எந்த உப்பாலும் நீர் மாற்றத்தால் மட்டும் காப்பாற்ற முடியாது. ஒரு வாரத்தில் 4.5-க்கு இறங்கியிருக்கும், 20 சதவீதம் மாற்றினாலும் 6 தான். எப்படியும் டோசிங் வேண்டும் என்றான பிறகு, உப்பும் தன் பங்குக்குக் காரத்தன்மையை ஏற்றுவது இடைஞ்சல்தான்.

ஆகவே எனக்குத் தேவை: தொட்டியை எந்த எண்ணில் நிறுத்துகிறேனோ அதே எண்ணில் கலக்கும் உப்பு. 8-ஐ ஒட்டி, 35 பிபிடியில்.

ஜனவரி 26

மூன்று உப்புகளின் சிறு பொட்டலங்கள். ஒவ்வொன்றையும் முழுப் பொட்டலமாகவே கரைத்தேன். பிரித்து எடுத்தால் அளவு நம்பகமாக இருக்காது. டிடிஎஸ் பூஜ்யம் காட்டும், அயனிகளும் நீக்கிய ஆர்ஓ டிஐ நீர், 25 டிகிரி, நீரைச் சுழற்ற ஒரு சிறு பவர்ஹெட். எப்போதும் நீரில்தான் உப்பைத் தூவ வேண்டும். உப்பின்மேல் நீரை ஊற்றினால் அடியில் ஒரு கணம் உருவாகும் அடர்கரைசலில் கால்சியமும் கார்பனேட்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு வெள்ளைத் தூளாக இறங்கிவிடும். பிறகு எவ்வளவு கலக்கினாலும் கரையாது.

முதல் உப்பு கால் மணி நேரத்தில் கண்ணாடிபோலத் தெளிந்தது. காரத்தன்மை 7.2, கால்சியம் 430. மிக அழகான நீர். இரண்டாவது ஒரு மணி நேரம் பால்நிறத்தில் நின்று பிறகு தெளிந்தது, 7.9, கால்சியம் 425, மக்னீசியம் 1,300. வாளி ஓரத்தில் விரலால் தடவினால் மெல்லிய பழுப்புப் படிவு ஒட்டியது. மூன்றாவது பெட்டியில் 8.5 என்றிருந்தது, எனக்கு 9.6 வந்தது. மறுபடி அளந்தேன், அதே எண். பெட்டியில் அச்சிடுவது சராசரி. நம் கைக்கு வருவது ஒரு குறிப்பிட்ட தொகுதி. இதைக் குறையாகச் சொல்லவில்லை, ஆனால் அளக்காமல் ஊற்றக்கூடாது.

தெளிந்த நீரை மூடிவைத்து மறுநாள் மறுபடி அளக்கவும் திட்டம். காரத்தன்மை தூக்கலான கலவைகள் சூட்டிலும் நீண்ட நேரக் கலக்கலிலும் தங்கள் எண்ணை இழக்கும். ஹீட்டர்மேலும் வாளிச் சுவரிலும் வெள்ளை படியும். சில உப்புகளைக் கலந்த சில மணி நேரத்துக்குள் ஊற்றிவிடச் சொல்லியிருப்பது இதனால்தான்.

ஜனவரி 27

7.2, 7.9, 9.4. முதல் இரண்டும் அசையவில்லை.

பிப்ரவரி 2

இரண்டாவது உப்பு. முதலாவதின் தெளிவு என்னை மிகவும் இழுத்தது; தொட்டியை 7-ல் நிறுத்துகிறவராக இருந்தால் யோசிக்காமல் அதை எடுத்திருப்பேன். பழுப்புப் படிவு கண்ணை உறுத்தினாலும் பவளத்தை உறுத்தாது. நீரை எடுக்கும்போது அடி இரண்டு விரற்கடையை விட்டுவிட்டால் போதும். வாளியின் பெயரை இங்கே எழுதவில்லை, ஏனென்றால் உங்கள் தொட்டி வேறு எண்ணில் நின்றால் என் வாளி உங்களுக்குப் பயன்படாது. உங்கள் தொட்டியின் எண்ணை முதலில் கண்டுபிடியுங்கள்.

பிப்ரவரி 9

புதிய வாளி திறந்தாயிற்று. வழியில் வண்டி குலுங்கக் குலுங்கச் சிறு மணிகள் அடிக்கும் பெரிய மணிகள் மேலுக்கும் போயிருக்கும். மேல்கரண்டியும் அடிக்கரண்டியும் ஒரே உப்பாக இராது. மூடியபடியே வாளியைப் படுக்கவைத்து நன்றாக உருட்டினேன். ஈரம்தான் அடுத்த எதிரி. கால்சியம் குளோரைடும் மக்னீசியம் குளோரைடும் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். கட்டி தட்டிய உப்பில் பைகார்பனேட்டும் கால்சியமும் வாளிக்குள்ளேயே வினைபுரியத் தொடங்கிவிடும். இறுக மூடும் மூடி இல்லாத வாளியை நான் வாங்கவே மாட்டேன்.

40 லிட்டருக்கு ஏறத்தாழ 1.5 கிலோ பிடித்தது. லிட்டருக்கு 35 கிராம் போதாது, ஏனெனில் கலவையில் உள்ள சில உப்புகள் தமக்குள்ளேயே நீரைக் கட்டிவைத்திருக்கின்றன. முதல் முறை பழைய உப்பில் பாதி, புதியதில் பாதி.

மார்ச் 2

முழுக்கப் புதிய உப்புக்கு மாறியாயிற்று. டோசிங்கையும் மாற்ற வேண்டியிருந்தது. உப்பை மாற்றுகிறவர்கள் இதைத் தவறவிடக்கூடாது. பழைய உப்பு வாரம் 0.8 டிகேஎச்சைத் தானே கொண்டுவந்துகொண்டிருந்தது. அந்த 0.8 இப்போது இல்லை. சோடியம் பைகார்பனேட் நாளுக்கு 2.3 கிராமாக இருந்ததை 3 கிராமாக உயர்த்தினேன். 200 லிட்டரில் 0.5 டிகேஎச்சுக்கு அதுதான் கணக்கு. கால்சியம் குளோரைடையும் அதே விகிதத்தில் கூட்டினேன்.

தினமும் டோசிங் செய்யும்போது நீர் மாற்றம் எதற்கு என்று கேட்கிறார்கள். இந்த இரண்டு கரைசல்களும் பவளம் உண்டதுபோக சோடியம் குளோரைடை விட்டுச்செல்கின்றன. மாதங்கள் போகப்போக மற்ற அயனிகளின் பங்கு குறையும்; டிட்மார் கண்ட அந்த விகிதம் சாயும். அதை நிமிர்த்துவது வாராந்தர 40 லிட்டர்தான்.

நீர் மாற்றத்துக்கு முன் இன்று 8.0, பின் 8.0. பெரிய அக்ரோபோராவின் நுனிகளில் நகக்கண் அளவு வெள்ளை வளர்ச்சி. அதன்மேல் பவளத்தின் சிறு உடல்களான பச்சைப் பாலிப்புகள் பகலிலேயே விரிந்திருந்தன.

மார்ச் 16

இரண்டாவது வாளி வந்தது, வேறு தொகுதி எண். உருட்டி, கரைத்து, அளந்ததில் காரத்தன்மை 8.1, கால்சியம் 420. தொகுதி எண்ணையும் இந்த அளவுகளையும் மூடியில் எழுதி ஒட்டிவைத்தேன். மக்னீசியம் இன்னும் அளக்கவில்லை, நாளை.