பத்து வரை எண்ணுதல்

காலை ஏழு மணிப் பணிக்குச் சிங்கப்பூரின் ஈசூனிலிருந்து ஓடும் தாதிக்குத் தியானம் செய்ய நேரம் ஏது என்று பல ஆண்டுகளாகச் சொல்லிவந்தவள் நான். சென்ற ஆண்டு ஒருநாள், வார்டில் புதிதாகச் சேர்ந்திருந்த பெண் ஒரு மருந்தின் அளவை இரண்டாம் முறை கேட்டதற்கு, நோயாளிகள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள்மீது எரிந்து விழுந்தேன். அவள் ஒன்றும் பேசாமல் மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள்; அதன் சக்கரம் கிறீச்சிட்டது அன்றிரவு படுக்கையிலும் என் காதில் கேட்டது.

அதன்பிறகுதான் தியானத்தில் உட்கார்ந்தேன். தொடங்கிய விதமே தவறு. புதுப் பாய் வாங்கி, ஊதுவத்தி ஏற்றி, சம்மணமிட்டு இருபது நிமிடம் உட்கார்ந்தேன். நான்காம் நாள் முழங்கால் பிடித்துக்கொண்டது, ஐந்தாம் நாள் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டேன். இப்போது சமையலறை நாற்காலியில் ஐந்தே நிமிடம். மூச்சை விடும்போது ஒன்று, அடுத்ததற்கு இரண்டு எனப் பத்து வரை எண்ணி, மறுபடி ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். பாட்டுகளில் இனிக்கும் குயில், அடுக்குமாடிக் கட்டடங்களுக்கு இடையே விடியுமுன்பே கத்தத் தொடங்கினால் அவ்வளவாக இனிப்பதில்லை. குயில் இல்லாவிட்டால், பன்னிரண்டாம் படுக்கைக்காரருக்குச் சொட்டு மருந்து மாற்றினார்களா என்ற கவலை வந்துவிடும். ஒருமுறை திடுக்கிட்டுப் பார்த்தபோது இருபத்து மூன்றில் இருந்தேன். நான் எங்கோ போயிருக்க, எண்ணிக்கை மட்டும் தன்பாட்டுக்கு நடந்திருக்கிறது. மனத்தை வெறுமையாக்குவதுதான் தியானம் என்று நினைத்திருந்த எனக்கு, போனதை அறிந்து ஒன்றுக்குத் திரும்புவதே பயிற்சி என்பது அன்றுதான் உறைத்தது.

ஓர் இடைவேளையில், ஆக்சிமீட்டரை என் விரலிலேயே மாட்டிப் பார்த்தேன். மெதுவாக மூச்சை விடும்போது நாடித்துடிப்பு 82இலிருந்து 76க்கு இறங்கியது, உள்ளிழுத்ததும் ஏறியது. இதயத்தின் வேகத்தை அடக்கிவைக்கும் வேகஸ் நரம்பு, மூச்சை இழுக்கையில் பிடியைத் தளர்த்தி, விடுகையில் மீண்டும் இறுக்குகிறது. தேர்வுக்காகப் படித்து மறந்திருந்த பாடந்தான் இது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் ஜான் கபாட்-ஜின் 1979இல் நாட்பட்ட வலியுள்ளவர்களுக்கு இத்தகைய பயிற்சியைக் கற்பிக்கத் தொடங்கினார் என்பதும் எனக்குத் தெரியாததல்ல. ஆனாலும் தியானம் பூசையறைச் சமாசாரம் என்றே ஒதுக்கிவைத்திருந்தேன்.

வார்டில் கண்ணை மூடி உட்கார யாருக்கும் வாய்ப்பில்லை. கிருமிநாசினியைக் கையில் தேய்த்துக் காயவிட இருபது முதல் முப்பது விநாடி ஆகும். ஒவ்வொரு நோயாளியைத் தொடுமுன்பும் தேய்த்தாக வேண்டும். அதற்குள் நிதானமாக மூன்று மூச்சு விட்டுவிடலாம்.

போன வாரம் அந்தப் பெண் அதே மருந்தைப் பற்றி மறுபடியும் கேட்டாள். எரிச்சல் தொண்டை வரை வந்தது. கை காயும் வரை தேய்த்துவிட்டு அளவைச் சொன்னேன். குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு வண்டியைத் தள்ளிச் சென்றாள். அந்தச் சக்கரத்துக்கு மட்டும் இன்னும் யாரும் எண்ணெய் விடவில்லை.