வாய்க்கால் காய்ந்து கிடக்கும்போதே தொடங்குங்கள்

சித்திரை பிறந்தால் தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடி வரை சுவரெல்லாம் சம்மர் கேம்ப் விளம்பரம்தான். பணம் கட்டினால் ஏசி அறைக்குள் உட்கார வைத்து, மரமும் ஆறும் படமாக வரையச் சொல்லித் தருகிறார்கள். ஆற்றங்கரையில் குடியிருந்துகொண்டு கேன் தண்ணீர் வாங்குகிற கதை இது. காவிரி டெல்டாவில் தண்ணீர் வருவதும் போவதும்தான் பிள்ளைகளுக்கான கால அட்டவணை. எந்த மாதம் எதைக் கையில் கொடுக்கலாம், எங்கே காலை வைக்க விடக்கூடாது என்பது பெரியவர்களுக்குத் தெரிந்திருந்தால் போதும்.

சித்திரை, வைகாசியில் ஆறு வெறும் மணல். நுங்கு எடுத்த இரண்டு காயைச் சக்கரமாக்கித் தள்ளி ஓட்டுகிற நுங்கு வண்டிக்கு இதுதான் பருவம். நுங்கு சீவுகிறவரிடம், கண் நோண்டி எடுத்துப் போட்ட காய்களில் ஒரே அளவாக இரண்டு கேளுங்கள், சும்மாவே தருவார். ஒன்று பெரிது ஒன்று சிறிது என்றால் வண்டி நேராகப் போகாது, சிறிய காய் இருக்கிற பக்கமாகவே வளைந்துகொண்டிருக்கும். அச்சுக்கு ஒரு சாண் நீளத்தில், சுண்டுவிரல் தடிமனில் காய்ந்த குச்சி. கருவேலங்குச்சி நன்றாக நிற்கும். பச்சைக் குச்சி இரண்டாம் நாளே சுருங்கி ஆட ஆரம்பிக்கும். இரண்டு முனையையும் சீவிவிட்டு, காம்பு இருந்த பக்கத்தில் நட்ட நடுவில் குத்த வேண்டும். நுங்கு எடுத்த பள்ளம் வெளியே பார்த்திருக்கும். காயைக் கையில் பிடித்துக்கொண்டு குத்தினால் குச்சி வழுக்கி உள்ளங்கையைக் கிழிக்கும். தரையில் வைத்து மேலிருந்து அழுத்தச் சொல்லுங்கள். தள்ளுகோல், பிள்ளையின் நெஞ்சு உயரத்துக்குக் கவட்டையோடு ஒரு கம்பு. அந்தக் கவட்டையின் உட்பக்கம் பட்டையை உரித்து வழவழப்பாக்க மறந்துவிட்டால், அச்சு சுழலாமல் வண்டி மணலில் இழுபடும். நிறைய வண்டி ஓடாமல் போவது இந்த ஒரு காரணத்தால்தான்.

மூன்று நான்கு நாளில் காய் வற்றி அச்சு கழன்றுவிடும். அப்பா உடனே ஆணியையும் பசையையும் எடுத்துக்கொண்டு வரக் கூடாது. பழுதான வண்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்த காய்க்கு ஓடுவதும் விளையாட்டில் சேர்த்திதான்.

இதே மாதங்களில் குளத்தின் அடிமண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். அந்தப் பாளத்தை உடைத்து ஒரு இரவு ஊறவைத்தால் பிசையப் பதமாகிவிடும். வெறும் களிமண்ணில் மாடு செய்தால் காயும்போது கால் பிளந்துவிடும். வெயிலில் வைத்தால் மேல்பக்கம் முந்திக் காய்ந்து சுருங்கும், உள்ளே ஈரம் அப்படியே இருக்கும், அந்த இழுப்பில் விரிசல் விழும். மூன்று பங்கு களிமண்ணுக்கு ஒரு பங்கு சலித்த ஆற்றுமணல் கலந்து, திண்ணை நிழலில் இரண்டு நாள் வைத்தால் நிற்கும். கொம்பையும் காலையும் தனியாகச் செய்து ஒட்டுவதாக இருந்தால், ஒட்டுகிற இரண்டு பக்கத்தையும் கீறி, குழைத்த சேற்றைத் தடவ வேண்டும். ஈரக்கையால் தடவி ஒட்டினது மறுநாள் காலையில் தனியாகக் கிடக்கும்.

ஜூன் 12 மேட்டூர் அணை திறப்புக்கு வழக்கமான தேதி. அணையில் இருப்பு இல்லாத வருஷம் தள்ளிப்போகும். திறந்து சில நாளில் தண்ணீர் கல்லணைக்கு வந்து, அங்கிருந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிகிறது. கடைசியில் இருக்கிற கடைமடை வாய்க்காலுக்கு வந்து சேர இன்னும் நாள் பிடிக்கும். காய்ந்த மணலில் புதுத்தண்ணீர் நுரையும் சருகுமாக ஊர்ந்து வருவதைப் பார்க்காத பிள்ளை டெல்டாவில் இருக்கவே கூடாது. ஆனால் கரையில் நின்று பார்க்கட்டும். வெடிப்புக்குள் இருந்த பாம்பு, தேள், பூரான் எல்லாம் அந்த முதல் நீருக்கு முன்னால் வெளியே கிளம்பும். வேடிக்கையாகத் தண்ணீரோடு வாய்க்காலுக்குள்ளேயே நடந்து வருகிற வழக்கத்தை மட்டும் நிறுத்திவிடுங்கள்.

ஆடிப்பெருக்குக்குச் சப்பரம், பிள்ளைகள் கயிறு கட்டி இழுக்கிற சின்னத் தேர். ஒரு சாண் அகலப் பலகை, நாலு மூங்கில் குச்சி, மேலே வண்ணத்தாள் ஒட்டிய கூண்டு, உள்ளே சாமி படம். சக்கரத்துக்குத் தேய்ந்த ரப்பர் செருப்பை வட்டமாக வெட்டிக்கொள்ளலாம். கூண்டைப் பலகையின் அகலத்தைவிட இரண்டு மடங்குக்கு மேல் உயர்த்தினால் முதல் கல்லிலேயே குப்புற விழும். கயிற்றைக் கூண்டில் கட்டாமல் பலகையின் முன் விளிம்பில் கட்டுங்கள். கடையில் வாங்கினது அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் அது ஏன் கவிழ்கிறது என்று பிள்ளை யோசிக்காது.

ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டால் பிள்ளைகளைப் பிடித்து வைக்க முடியாது, அதனால் நீச்சலைப் பற்றி விவரமாகவே சொல்ல வேண்டும். பழக்குவதற்கு ஆறு வேண்டாம், படித்துறை ஒழுங்காக இருக்கிற குளம் போதும். தார் வெட்டிய வாழையில் நாலடித் துண்டு எடுத்தால் அருமையான மிதவை. குறுக்கே நறுக்கிய முகத்தைப் பிள்ளையிடம் காட்டுங்கள். தேன்கூடு மாதிரி சின்னச் சின்ன அறைகள் தெரியும், உள்ளே இருப்பது காற்று. மிதப்பது எதனால் என்று வேறு பாடம் நடத்த வேண்டாம். துண்டின் மேல் ஏறிப் படுத்தால் அது உருண்டுவிடும். இரண்டு அக்குளுக்கும் கீழே குறுக்காக வைத்துக்கொண்டு காலை உதைக்க வேண்டும். மூன்று நாளுக்கு மேல் ஒரே துண்டை வைத்துக்கொள்ளாதீர்கள், தண்ணீர் ஏறிக் கனக்கும், கொழகொழவென்று வழுக்கும். வாழைக்கறை பட்ட சட்டை எந்தச் சோப்புக்கும் வெளுக்காது, பழையதைப் போட்டு அனுப்புங்கள். இரண்டு பிள்ளைக்கு ஒரு பெரியவர், அவரும் இடுப்பளவு தண்ணீருக்குள் நிற்க வேண்டும். படியில் உட்கார்ந்து செல்போன் பார்ப்பவர் கணக்கில் வரமாட்டார்.

மூன்று இடங்களில் எவ்வளவு நீச்சல் தெரிந்தாலும் இறங்க விடாதீர்கள். தண்ணீரைத் தடுத்துத் திறந்துவிடுகிற ரெகுலேட்டர் ஷட்டருக்குக் கீழே, விழுகிற தண்ணீர் சுழன்று மேலே வரவிடாமல் அமுக்கும். மணல் அள்ளிய இடத்தில் முழங்கால் ஆழம் அடுத்த அடியிலேயே தலைக்கு மேல் போகும், கலங்கல் நீரில் குழி தெரியவே தெரியாது. மூன்றாவது, கான்கிரீட் சரிவு போட்ட கால்வாய். பார்க்கச் சுத்தமாக இருக்கும், இறங்கவும் எளிது. ஏறத்தான் முடியாது. கை பிடிக்கப் புல்லோ வேரோ இல்லை, பாசியில் கால் நிற்காது.

வயலில் மருந்து தெளித்திருந்தால் ஒரு வாரம் அந்தப் பக்கம் வேண்டாம். காலில் புண்ணோடு தேங்கின சேற்றில் இறங்கினால் எலிக்காய்ச்சல் வர வழி உண்டு. வரப்பு வளையில் கை விடக் கூடாது. பாம்பு கடித்தால் இறுக்கிக் கட்டுவது, கீறுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட கைகாலை எலும்பு முறிந்ததைப் போல அசையாமல் வைத்து, 108ஐக் கூப்பிட்டு, விஷமுறிவு மருந்து இருக்கிற அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

இவ்வளவு ஆபத்து இருந்தால் வீட்டிலேயே இருக்கட்டுமே என்று தோன்றும். வீட்டுக்குள்ளும் கண் கெடுகிறது. சீனாவின் குவாங்சோவில் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பள்ளி நாளில் 40 நிமிடம் கூடுதலாக வெளி நேரம் கொடுத்துப் பார்த்தார்கள். 2015இல் வெளியான முடிவின்படி, மூன்று வருஷத்தில் கிட்டப்பார்வை வந்தவர்கள் அந்தப் பள்ளிகளில் 30.4 சதவீதம், மற்றப் பள்ளிகளில் 39.5 சதவீதம். அங்கே செய்தது பிள்ளைகளைப் பகல் வெளிச்சத்தில் வெளியே விட்டது மட்டும்தான்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வாசலோடு சரி. மழை விட்ட இடைவெளியில் பூவரசு இலையில் பீப்பி. கொழுந்து இலை சுருட்டும்போது ஒட்டிக்கொள்ளும், முற்றின இலை உடையும், நடுத்தரமானது வேண்டும். காம்பைக் கிள்ளிவிட்டு ஓரத்திலிருந்து இறுக்கிச் சுருட்டி, ஒரு நுனியை லேசாக நசுக்கி ஊத வேண்டும். சத்தம் வரவில்லை என்றால் அதிகம் நசுக்கியிருப்பார்கள்.

மார்கழியில் பறவைகள். 1999இல் சரணாலயமான வடுவூர் ஏரிக்கு நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் விடியற்காலையில் போங்கள். பட்டியல் கொடுத்து நூறு பெயர் மனப்பாடம் செய்ய வைப்பதில் பயனில்லை, மூன்று போதும். மடையான் உட்கார்ந்தால் சேற்று நிறம், பறந்தால் பளீரென்று வெள்ளை. நீர்க்காகம் சிறகை விரித்துக் காயவைக்கும். நத்தைகுத்தி நாரை அலகை மூடினாலும் நடுவில் சந்து தெரியும். குஞ்சுக்கு அந்தச் சந்து இருக்காது.

தையில் சம்பா அறுத்ததும் வயல் காலியாகிவிட்டது, கிரிக்கெட் ஆடலாம் என்று பிள்ளைகள் ஸ்டம்பு ஊன்றுவார்கள். ஊரில் வளராத பெற்றோரும் கையை ஆட்டி அனுப்பிவிடுவார்கள். குனிந்து பார்த்தால் அறுத்த நெல்தாளுக்கு இடையில் இரண்டிலை விட்ட உளுந்து நிற்கும். அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பே ஈரத்தில் தெளித்து விட்டிருப்பார்கள். அதை மிதித்தால் வயல்காரர் விரட்டுவது நியாயம்தான். உளுந்து எடுக்கும்வரை களமோ கோயில் திடலோ பாருங்கள். அங்கே கிட்டிப்புள் ஆடலாம். கிட்டி ஒன்றரை அடி, புள் நாலு விரல். புள்ளின் இரு முனையும் சரிவாகச் சீவியிருந்தால்தான் தட்டும்போது எழும்பும், ஆனால் ஊசி மாதிரி கூராக வேண்டியதில்லை. அடிக்கிறவனுக்கு எதிரே பத்தடிக்குள் யாரும் நிற்கக் கூடாது, புள் கண்ணில் அடிப்பது அந்தத் தூரத்தில்தான்.